இருட்டாக வந்த நாற்பது படங்கள்

படத்திருத்தத்துக்காகக் கணினி வாங்கப்போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. எந்தப் பிராசசர், எத்தனை ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா வேண்டாமா என்று மூன்று கேள்விகளை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். திரைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று நான் பதிலுக்குக் கேட்டால் ஒரு சிறு மௌனம் வரும். பிறகு, "திரைதான் கூடவே வருகிறதே" என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை யாரேனும் என்னிடம் கேட்டிருந்தால் நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன் என்பதால் அவர்கள்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதில் தவறு என்று எனக்குப் புரியவைத்த ஒரு பிற்பகலைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன்.

நண்பர் ஒருவர், தம் தாயாருக்கு எண்பது வயது நிறைந்ததையொட்டி அவரைப் படமெடுத்து ஆல்பமாகத் தரச் சொல்லியிருந்தார். ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு, பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் இரண்டு மணிநேரம் எடுத்தேன். நரைத்த முடியின் ஒவ்வோர் இழையும் தனித்தனியே ஒளிர, முகத்தின் மறுபாதி மெல்ல நிழலுக்குள் இறங்கும் படங்கள் அவை. அந்த நிழல்தான் படங்களின் உயிர். கன்னத்தில் தொடங்கிக் காதருகே கருமையில் கரையும் அந்தச் சரிவைக் காப்பாற்றத்தான் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் புதிய மடிக்கணினி வாங்கியிருந்தேன். எட்டு கோர் பிராசசர், 32 ஜிபி ரேம், கணினி விளையாட்டுக்காரர்கள் விரும்பி வாங்கும் வகைக் கிராபிக்ஸ் கார்டு. ஸ்லைடரை இழுத்தால் படம் கையோடு கூடவே வந்தது. பழைய கணினியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருந்து பழகிய எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. பகலில் வேறு வேலை இருந்ததால் இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை முழு அளவுக்கு ஏற்றிவைத்துக்கொண்டு திருத்தினேன். நாற்பது படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்தேன்.

ஆல்பம் வந்த அன்று முதல் பக்கத்தைத் திறந்ததுமே நெஞ்சு கனத்துப்போனது. முகத்தின் நிழல் பாதி முழுவதும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. ஒளி விழுந்த பாதியோ செங்கல் நிறத்தில் இருந்தது. நான் இரண்டு வாரம் காப்பாற்றிய சரிவு எந்தப் படத்திலும் இல்லை. அச்சில்தான் கோளாறு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. என் திரையில் அந்தப் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தன என்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேனே.

ஆல்பத்தையும், சான்றுக்காக மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு கலர் லேபுக்குப் போனேன். அங்கே அச்சு வேலையைக் கவனிக்கும் பெரியவர் நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. ஆல்பத்தை வாங்கி, சாம்பல் வண்ணம் பூசிய ஒரு மேடையில், பகல் வெளிச்சத்தை ஒத்த விளக்கின் கீழ் விரித்துவைத்தார். பக்கத்தில் இருந்த மானிட்டரில் நான் அனுப்பிய அதே கோப்பைத் திறந்தார். தாளும் அவருடைய திரையும் ஒத்திருந்தன. அதே அடைத்த நிழல், அதே செங்கல் கன்னம். பிறகு என் மடிக்கணினியை அவை இரண்டுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். மூன்றில் ஒன்று மட்டும் வேறாக இருந்தது, அது என்னுடையது. அவர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, என் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, அதன் ஓரமாகத் தாளைப் பிடித்தார். தாள் அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. திரை நீலம் பாய்ந்த வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. "தம்பி, படம் அச்சில இருட்டாகல. நீங்க குடுக்கும்போதே இருட்டாத்தான் இருந்துச்சு. உங்க திரை அதை உங்களுக்குக் காட்டல," என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இதே தாளை இதே போல் பலருக்கும் பிடித்துக்காட்டியவர் என்று தோன்றியது.

அன்றிரவு அந்தப் படங்களின் ஹிஸ்டோகிராமைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருட்டைக் குறிக்கும் இடப்பக்கமாகக் குவிந்து கிடந்தன. ஹிஸ்டோகிராம் என்பது படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று கோப்பில் உள்ள எண்களைக் கொண்டு காட்டும் வரைபடம். திரை எப்படி இருந்தாலும் அது மாறாது. இரண்டு வாரமும் அது திரையின் மூலையிலேயே இருந்திருக்கிறது. கண் நிறைவடைந்துவிட்டதால் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பின்னாளில் கருவி வைத்து அளந்தபோது அந்தத் திரை முழு வெளிச்சத்தில் சதுர மீட்டருக்கு 260 கேண்டெலா ஒளியை உமிழ்வது தெரிந்தது. அச்சுக்காகத் திருத்துகிறவர்கள் பொதுவாக 80 முதல் 120 வரைதான் வைத்துக்கொள்வார்கள். நூறு என்று வைத்துக்கொண்டாலும், ஒளிப்படக் கணக்கில் ஒரு ஸ்டாப்புக்கும், அதாவது ஒளி இருமடங்காவதற்கும், மேலான வேறுபாடு. கண் பழகிக்கொள்வதால் அவ்வளவும் அப்படியே பிழையாகப் படத்துக்குள் வந்துவிடாது. ஆயினும் இருட்டறையில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எல்லாப் படமும் வெளிறியே தோன்றும். அவன் கை தானாகவே அவற்றை இருட்டாக்கும். வெள்ளை நீலம் பாய்ந்திருந்ததால் நான் நிறத்தின் சூட்டை, அதாவது மஞ்சள் சாயலை, கூட்டியிருக்கிறேன். திரைக்குச் சிவப்பைச் சரியாகக் காட்டும் திறன் இல்லாததால் நிறச்செறிவையும் ஏற்றியிருக்கிறேன். செங்கல் கன்னம் அப்படித்தான் வந்தது. திரையின் ஒவ்வொரு குறைக்கும் எதிர்த்திசையில் நான் படத்தைத் தள்ளியிருக்கிறேன், அதுவும் மிகுந்த அக்கறையோடு.

சொல்லும் குறையும் சொல்லாத குறையும்

கணினி மெதுவாக இருந்தால் அது உடனே தெரிந்துவிடுகிறது. படம் திறக்கத் தாமதமாகும், தூரிகை கைக்குப் பின்னால் வரும், விசிறி இரையும். நாமும் அதை மனத்தில் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த கணினியில் வேகமானதைத் தேடுகிறோம். திரையின் குறைக்கு அப்படி எந்த அறிகுறியும் கிடையாது. மனிதக் கண் தன் எதிரே இருக்கும் மிக வெளிச்சமான பரப்பை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு மற்ற நிறங்களை அதற்கேற்ப ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்புடையது. மஞ்சள் விளக்கின் கீழும் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரிவதற்கு அதுதான் காரணம். அன்றாட வாழ்வில் இது பெரும் வரம். படத்திருத்தத்தில் இதுவே பிழையை மறைக்கும் திரைச்சீலையாகிறது. பத்து நிமிடம் பார்த்தாலே நீலம் பாய்ந்த திரையும் சரியான திரையாகிவிடுகிறது. அதனால்தான் பயனர் கருத்துகளில் கணினியின் வேகத்தைப் பற்றி ஆயிரம் வரிகள் இருக்கின்றன, திரையின் நிறத்தைப் பற்றி "நன்றாக இருக்கிறது" என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது நன்றாகவே இருந்திருக்கும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை, ஏனென்றால் சில மாதங்கள் அது என்னையும் ஆட்டிவைத்தது. இன்று யார் படங்களை அச்சில் பார்க்கிறார்கள்? எல்லோரும் தத்தம் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அந்தத் திரைகளில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், ஒன்று மங்கல், ஒன்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். அப்படியிருக்க, நான் ஒருவன் மட்டும் அளந்து பார்த்துத் திருத்தி என்ன ஆகப்போகிறது? நெடுநாள் யோசித்த பிறகு எனக்குப் பட்டது இது. பார்ப்பவர்களின் திரைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கின்றன என்பது உண்மை; ஆனால் அவை ஒரு பொதுத் தரத்தைச் சுற்றித்தான் சிதறிக் கிடக்கின்றன. நான் அந்தத் தரத்தின் நடுவில் நின்று படத்தைக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் அவரவர் திரையின் பிழை மட்டுமே சேரும். அந்தப் பிழைக்கு அவர் கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது. நான் ஓரத்தில் நின்று கொடுத்தால் என் பிழையும் அவர் பிழையும் கூடும், என் பிழைக்கு அவர் கண் பழகியிருக்காது. நான் இருட்டாக்கிய படத்தை மங்கலான கைப்பேசியில் பார்க்கிறவருக்கு அந்தத் தாயாரின் முகமே தெரியாது.

விவரப்பட்டியலில் நான் முதலில் தேடுவது

மேலே சொன்ன பொதுத் தரத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்று பெயர். 1996ஆம் ஆண்டு எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்த இந்த வண்ணவெளி, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் வரையறுத்த தொகுப்பு, 1999இல் பன்னாட்டுத் தரமாயிற்று. இன்றளவும் இணையத்தில் உலவும் படங்களில் மிகப்பெரும்பாலானவை இதைத்தான் சார்ந்திருக்கின்றன. எனவே திரையைப் பற்றிய விவரத்தில் நான் முதலில் பார்ப்பது, அது எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியை முழுமையாகக் காட்டவல்லதா என்பதைத்தான். பல மடிக்கணினிகளின் விவரப்பட்டியலில் "45 விழுக்காடு என்டிஎஸ்சி" என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கும். என்டிஎஸ்சி என்பது பழைய தொலைக்காட்சித் தரம். அதில் 72 விழுக்காடுதான் பரப்பளவில் எஸ்ஆர்ஜிபிக்கு ஈடானது. 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே அந்தத் திரையால் காட்ட முடியும் என்று பொருள். என் மடிக்கணினியின் பெட்டியில் இந்த வரி இருந்தது. பிராசசரின் பெயருக்குக் கீழே, நான் படிக்காமல் விட்ட இடத்தில்.

அடுத்தது திரையின் வகை. டிஎன் பேனல்களில் தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிழல்களின் அடர்த்தி மாறும்; நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் ஒரு படம், நிமிர்ந்தால் வேறொரு படம். ஐபிஎஸ் பேனல்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு என்பதால் படத்திருத்தத்துக்கு அவற்றையே நம்பலாம். ஓஎல்இடி திரைகளின் ஆழ்ந்த கறுப்பு பார்க்கப் பேரழகு. எனினும் தாளில் அவ்வளவு ஆழ்ந்த கறுப்பு வரவே வராது என்பதை அச்சிடுகிறவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி போன்ற அகன்ற வண்ணவெளியைக் காட்டும் மானிட்டர்களைப் பலர் முதல் முயற்சியிலேயே நாடுகிறார்கள். அச்சில் ஆழ்ந்த பச்சையும் பச்சை கலந்த நீலமும் தேவைப்படுகிறவர்களுக்கு அவை உதவும். ஆனால் வண்ண மேலாண்மை இல்லாத, அதாவது திரையின் வண்ணவெளியை அறிந்து நிறத்தை மாற்றிக் காட்டாத மென்பொருள்களில் சாதாரணப் படங்களைக்கூட அவை மிகை நிறத்தில் காட்டிவிடும், முகங்கள் காய்ச்சல் கண்டவைபோல் சிவந்துவிடும். தொடங்குகிறவருக்கு எஸ்ஆர்ஜிபியை முழுமையாகவும் ஒழுங்காகவும் காட்டும் திரையே போதும் என்பது என் உறுதியான கருத்து.

திரையை வாங்கினால் மட்டும் போதாது, அதை அளக்கவும் வேண்டும். கலரிமீட்டர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. அதன் கேபிளில் ஒரு சிறு எடை கோத்திருக்கும்; எடையை மானிட்டரின் பின்பக்கம் தொங்கவிட்டால் கருவி திரையின் நடுவில் ஒட்டினாற்போல் நிற்கும். மென்பொருளைத் தொடங்கியதும் அதன் கீழே சிவப்பு, பச்சை, நீலம், பிறகு கருஞ்சாம்பலிலிருந்து வெளிர்சாம்பல்வரை என்று சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். கணினி கேட்ட நிறம் எது, திரையில் வந்த நிறம் எது என்று கருவி அளந்துகொண்டே போய், அந்த வேறுபாட்டை ஒரு கோப்பில் எழுதித்தரும். ஐசிசி ப்ரொஃபைல் எனப்படும் அந்தக் கோப்பைப் படத்திருத்த மென்பொருள்கள் படித்து, திரையின் குணமறிந்து படத்தைக் காட்டும். கடைசியில் முன்பு, பின்பு என்று மாற்றிப் பார்க்க ஒரு பொத்தான் இருக்கும். முதன்முதலாக அதை அழுத்திய கணத்தில் என் திரையிலிருந்து ஒரு நீலக் கண்ணாடித்தாளை உரித்தெடுத்ததுபோல் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த அளவுத்திருத்தத்தால் திரையின் நிறச்சாய்வைச் சரிசெய்ய முடியும். அதனிடம் இல்லாத நிறத்தை உண்டாக்க முடியாது. என் பழைய மடிக்கணினியின் திரையில் வெள்ளை வெள்ளையானது, சிவப்பு மட்டும் கடைசிவரை ஆரஞ்சாகவே இருந்தது.

பிக்சல் நெருக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 27 அங்குலத் திரையில் 2560க்கு 1440 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 109 பிக்சல். அதே அளவில் 4கே என்றால் 163. நெருக்கமான திரையில் எழுத்தும் படமும் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்றாலும், படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாக வரும் முழு அளவில் பார்க்கும்போது நுண்விவரங்கள் சிறுத்துவிடுவதால் கூர்மையைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடும் அபாயம் உண்டு.

மிஞ்சியதைப் பங்கிடும் விதம்

திரைக்கும் கலரிமீட்டருக்கும் ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கணினிக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதில் எனக்கு இப்போது பெரிய குழப்பம் இல்லை. முதலில் ரேம். 24 மெகாபிக்சல் படம் ஒன்றை 16 பிட்டில் திறந்தால் பிக்சல் ஒன்றுக்கு ஆறு பைட் வீதம் 144 மெகாபைட் ஆகிறது. 45 மெகாபிக்சல் என்றால் 270. ஃபோட்டோஷாப்பில் அதன்மேல் பத்து லேயர் அடுக்கினால் ஒரு படமே ஜிபி கணக்கில் போய்விடும். பின்னோக்கிச் செல்வதற்காக மென்பொருள் சேமித்துவைக்கும் படிகள் தனி. ஒற்றைப் படத்தின் ஒளியையும் நிறத்தையும் சீராக்குவதோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு 16 ஜிபி போதும். லேயர்களிலும் அகலப் பரப்புக் காட்சிகளிலும் உழைக்கிறவர் 32க்குக் கீழே இறங்க வேண்டாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். 2020 இறுதியில் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சில்லுகள் கொண்ட கணினிகளிலும் பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. வாங்கும் நாளில் எடுக்கும் முடிவே கடைசி முடிவு என்பதால் இந்த ஒன்றில் மட்டும் தாராளமாக இருக்கச் சொல்வேன்.

சேமிப்பில், இயங்குதளமும் நடப்பு வேலையும் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். முடிந்த படங்கள் சாதாரண ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் போதும், ஆனால் இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருப்பது நல்லது. பிராசசரைப் பொறுத்தவரை, அண்மை ஆண்டுகளில் வந்த நடுத்தர வகை எதுவும் படத்திருத்தத்துக்குப் போதுமானது; அதற்குமேல் கொடுப்பது பெரும்பாலும் திருத்திய படங்களை இறுதிக் கோப்புகளாக எழுதி எடுப்பதில் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும், அவ்வளவே. கிராபிக்ஸ் கார்டின் நிலைமை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 ஏப்ரலில் அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில், குறைந்த ஒளியில் எடுத்த படங்களில் மணல்போல் தெரியும் புள்ளியிரைச்சலைச் செயற்கை நுண்ணறிவு வழியாக நீக்கும் வசதி வந்தது முதல், நல்ல கார்டு இருந்தால் சில நொடிகளில் முடியும் வேலை, இல்லாவிட்டால் படத்துக்குப் பல நிமிடங்கள் பிடிக்கிறது. இரவிலும் குறைந்த ஒளியிலும் நூற்றுக்கணக்கில் எடுக்கிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு அது திரைக்கு அடுத்து, ரேமுக்கும் அடுத்து நிற்கட்டும்.

இந்த வரிசையை ஏற்றுக்கொண்டால் மேசைக்கணினியா மடிக்கணினியா என்ற கேள்வியும் பாதி அவிழ்ந்துவிடுகிறது. மேசைக்கணினியில் பெட்டி மாறினாலும் மானிட்டர் நிலைக்கும். அளந்து பழகிய திரையோடு ஓர் ஒளிப்படக்காரர் நெடுங்காலம் வாழலாம். வெளியூர் போய்ப் படமெடுக்கிறவருக்கு மடிக்கணினி தவிர்க்க முடியாதது. அவரும் வீட்டில் ஒரு மானிட்டரை வைத்துக்கொண்டு கடைசித் தீர்ப்பை அதன் முன்னால் உட்கார்ந்து சொல்வதே நல்லது. எந்தத் திரையானாலும், இரவானதும் நிறத்தை மஞ்சளாக்கும் வசதியையும், அறையின் ஒளிக்கேற்பத் தானாக வெளிச்சத்தை மாற்றும் வசதியையும் திருத்தும் வேளையில் அணைத்துவைக்க வேண்டும். அறையில் ஒரு மிதமான விளக்கு எரியட்டும். நான் இப்போது இருட்டில் வேலை செய்வதில்லை.

அந்த நாற்பது படங்களையும் அளந்த திரையில் முதலிலிருந்து திருத்தி, வேறோர் ஆல்பமாக அச்சிட்டுக் கொடுத்தேன். பெரியவரின் லேபிலேயேதான். பழைய ஆல்பத்தை நண்பரிடம் தராமல் என் மேசையறையில் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஓர் இளைஞர் வழக்கமான மூன்று கேள்விகளோடு வந்தபோது, பதில் சொல்லாமல் அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்துவைத்து, அந்தப் பழைய கோப்பை மானிட்டரில் திறந்தேன். இரண்டும் ஒன்றுபோலவே இருட்டாக இருந்தன. பிறகு புதிய ஆல்பத்தின் முதல் பக்கத்தையும் புதிய கோப்பையும் திறந்தேன். அவர் ஆல்பத்தைக் கையில் எடுத்து மானிட்டரின் ஓரமாகப் பிடித்தார். கன்னத்தின் நிழல் திரையில் எந்த இடத்தில் கருமையில் கரைந்ததோ, தாளிலும் அதே இடத்தில், காதுக்குச் சற்று முன்னால் கரைந்தது. அவர் அந்த இடத்தில் விரலை வைத்து, தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.